பதினெட்டு வயசானா லேசர் பண்ணிக்கலாம்

“கவலைப்படாத, பதினெட்டு வயசானா லேசர் பண்ணிக்கலாம்.”

போன வருஷம் ஜூன் மாதம், மகளுக்கு முதல் கண்ணாடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மதினி சொன்ன வார்த்தை இது. பிள்ளைக்கு எட்டு வயது. கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25. என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து ஆறுதலாகத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த வார்த்தை தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. மதினி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பதினெட்டுக்கு மேல் பவர் நிலைத்துவிட்டால் லேசர் பண்ணலாம்தான். நானே பண்ணிக்கொண்டவள். எத்தனையோ அம்மாக்களுக்கு நானே இதே ஆறுதலைச் சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் அன்றைக்கு ஏன் ‘ஆமா மதினி’ என்று சொல்ல வாய் வரவில்லை என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குப் பார்வை சரியில்லை என்பது வீட்டுக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரு அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த தெருவில், ‘அந்தப் பிள்ளைக்குத் தலைக்கனம், பார்த்தும் பாராத மாதிரிப் போவா’ என்று பெயர் வாங்கியிருந்தேன். எதிர்ச்சாரியில் யார் நின்றாலும் எனக்கு ஒரு சேலையின் நிறம் தெரியும். அந்தச் சேலைக்கு மேலே ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது தெரியாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 1996-இல், ஐந்தாம் வகுப்பில், போர்டில் இருந்ததைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதி டீச்சரிடம் அடி வாங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதன்பிறகும் உடனே கண்ணாடி வரவில்லை. ஆச்சியின் வைத்தியம் முதலில் வந்தது. ராத்திரி இமைமேல் நந்தியாவட்டைப் பூ, மத்தியானம் பொன்னாங்கண்ணிக் கீரை. கீரையில் இருக்கிற சத்து மாலைக்கண்ணைத் தடுக்கும். கிட்டப்பார்வையில் கண் நீண்டுபோகிறது, அதைச் சுருக்காது. ஆச்சிக்கு அது எப்படித் தெரியும்? பூவின் குளிர்ச்சியும் ஆச்சி கையின் வாசமும் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன, அந்த அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் பயம்தான் வேறு: “பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடியப் போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?” ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் கண்ணாடிக் கடைக்குப் போனபோது கடைக்காரர் அப்பாவிடம், “முழுப் பவர் வேண்டாம் சார், கண்ணு அதுக்குப் பழகிரும், அப்புறம் ஏறிக்கிட்டே போகும். கொஞ்சம் குறைச்சே போடுவோம்” என்றார். அன்றைக்கு அநேகம் பேர் அப்படித்தான் நம்பினார்கள், இன்றைக்கும் நம்புகிறார்கள். மலேசியாவில் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழுப் பவரும் மற்றதற்குக் குறைத்தும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் கூடுதலாக ஏறியிருந்தது. அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம், கடைக்காரர் மேல் இல்லை. ஒரு தலைமுறையே தலைகீழாக நம்பிக்கொண்டிருந்ததன் மேல்.

பவர் என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ரொம்ப எளிய கணக்கு. 100-ஐ உங்கள் மைனஸ் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் தூரம்வரை தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். கல்லூரி முடித்தபோது எனக்கு மைனஸ் 6.5. என் தெளிவான உலகம் மூக்கிலிருந்து 15 சென்டிமீட்டரில் முடிந்துபோனது, ஒரு சாண்கூட இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை தலையணைப் பக்கம் கண்ணாடியைத் தடவித் தேடுவது. வகுப்பில் ‘சோடாபுட்டி’ என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

2010-இல் கல்யாணப் பேச்சு தொடங்கியபோது லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். அம்மா நகைக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போயிற்று. படுக்கவைத்து, மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் ஒரு கிளிப் மாட்டினார்கள். கண்ணை ஏதோ ஒன்று உறிஞ்சிப் பிடித்ததும் சில நொடி முழு இருட்டு. பிறகு மங்கலாக ஒரு ஒளிப்புள்ளி. ‘அதையே பாருங்க, அசையாதீங்க’ என்று ஒரு குரல். மிஷின் டிக் டிக்கென்று அடித்தது. முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை வந்தது. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுநாள் காலை விழித்ததும் வழக்கம்போலக் கை தலையணைப் பக்கம் போனது. பாதியில் நின்றது. எதிர்ச்சுவரில் கடிகாரம், ஆறு மணி பத்து நிமிஷம். நொடி முள் நகர்வதுகூடத் தெரிந்தது. அந்தக் காலைக்காக நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். லேசிக் செய்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அந்த லேசருக்குப் பின்னால் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1929-இல் மெட்ராஸில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் எக்சைமர் என்ற புற ஊதா லேசரை வைத்து பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தவர். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் அந்த ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், ஓரம் பிசிறாமல் வெட்டு விழுந்தது. அவரும் கூட வேலை பார்த்த இரண்டு பேரும் கண்டது அது. அதைக் கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியாவில் பயன்படுத்தலாம் என்பது பிறகு கண் மருத்துவர்களோடு சேர்ந்து செய்த வேலை. கார்னியா முழுக் கனமே அரை மில்லிமீட்டர்தான். அதில் ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரான்வரை சீவுகிறார்கள், மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் கண்ணில் சீவியது ஒரு தலைமுடியின் கனம் இருக்கும். அவ்வளவுதான். மிச்சக் கண்ணை யாரும் தொடவில்லை. இந்தக் கடைசி வரிதான் எனக்குப் பன்னிரண்டு வருஷம் புரியாமல் இருந்தது.

ஒரு மின்னல்

2022-இல் ஒருநாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பும்போது இடது கண்ணின் வெளி ஓரத்தில் பளிச்சென்று ஒரு கோடு. மின்னல் என்றே நினைத்தேன். ஜன்னல் மூடியிருந்தது. தலையைத் திருப்பினால் மறுபடியும். மறுநாள் காலை ரசத்துக்குத் தக்காளி நறுக்கும்போது கண் முன்னால் ஒரு நூலாம்படை மிதந்தது. முகத்தைக் கழுவினேன், போகவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அது மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. தூக்கம் போதவில்லை என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகளும் சேர்ந்துகொண்டதும் ஓடினேன்.

கண்மணியை விரிக்க மூன்று முறை சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, “மேல பாருங்க… வலது மேல… வலது… வலது கீழ” என்று கடிகாரத்தைச் சுற்றுகிற மாதிரி சுற்றி வந்தார். ஒரு இடம் வந்ததும் நின்றுவிட்டார். அந்த மௌனம் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. “விழித்திரையில ஒரு சின்னக் கிழிசல் இருக்கும்மா. நல்லவேளை, இன்னும் உரியல. இன்னிக்கே லேசர் வெச்சு அடைச்சுருவோம்.”

“எனக்குத்தான் ஏற்கெனவே லேசர் பண்ணியாச்சே டாக்டர். பவரே இல்லையே.”

அவர் சிரிக்கவில்லை. ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்: “முன்னாடி எவ்வளவு இருந்தது?” மைனஸ் ஆறரை என்றேன். “அப்ப இது இன்னமும் மைனஸ் ஆறரைக் கண்ணுதாம்மா. கண்ணுக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடியத்தான் செதுக்கிவிட்டிருக்காங்க. பின்னாடி கண்ணு அதே நீளம்தான்.” அடைப்பு முடிந்ததும் இன்னொரு மிஷினில் நாடியை வைக்கச் சொல்லி அளந்து காட்டினார். சராசரிப் பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்வரை 23.5, 24 மில்லிமீட்டர் இருக்கும். என்னுடையது 26.4.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் எழுதி முழு மார்க் வாங்கிய கேள்வி இது. ‘கிட்டப்பார்வை: விழிக்கோளம் நீண்டுவிடுவதால் பிம்பம் விழித்திரைக்கு முன்னால் விழுகிறது. குழி லென்ஸைப் பயன்படுத்திச் சரிசெய்யலாம்.’ படம்கூட வரைந்திருக்கிறேன், ஸ்கேல் வைத்து. என் மூக்கின்மேல் இருந்த கண்ணாடிக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டு என்று தெரியும். ‘நீண்டுவிடுவதால்’ என்ற சொல்லை மட்டும் கவனிக்கவே இல்லை. நீள்வது என்றால் எங்கே நீளும், எது மெலியும் என்று கேட்டதே இல்லை.

ஒரு கரண்டி மாவைத் தோசைக்கல்லில் அளவாகத் தேய்த்தால் எல்லா இடமும் ஒரே கனமாக இருக்கும். அதே ஒரு கரண்டியைக் கல் ஓரம்வரை இழுத்தால் ஓரம் மெலிந்து, அங்கங்கே கண் விழும். விழித்திரையும் அப்படித்தான். கண் நீள நீள, உள்ளே ஒட்டியிருக்கிற திரை இழுபட்டு மெலிகிறது. கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் ஜெல்லி போன்ற பொருளும் இப்படிப்பட்ட கண்களில் சீக்கிரமே நீர்த்து, திரையிலிருந்து பிரியத் தொடங்குகிறது. பிரியும்போது சுண்டி இழுத்தால் அதுதான் மின்னல். நலிந்த இடம் கிழிந்தால் அந்த ஓட்டை வழியாக நீர் பின்னால் புகுந்து திரையை உரித்துவிடும். மின்னல், திடீரென்று கூடுகிற புள்ளிகள், பார்வையின் ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருட்டு: இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். நான் தள்ளிய இரண்டு நாளை யாரும் தள்ளாதீர்கள். கிழிசலோடு போனால் லேசர் வைத்துச் சுற்றிலும் தழும்பாக்கி அடைத்துவிடலாம். உரிந்தபிறகு போனால் பெரிய ஆபரேஷன். பவர் மிகுந்த கண்களுக்குக் கண் அழுத்த நோயும், நடு விழித்திரை நைந்துபோவதும் வயதாக ஆகக் கூடுதலாக வருகின்றன. லேசிக் செய்தவர்களுக்கும் இது அத்தனையும் பொருந்தும். வருஷத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரை பார்க்க வேண்டும் என்று எனக்கு 2010-இல் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. என் ஃபைலில் ‘பவர் 0’ என்று எழுதி மூடிவிட்டார்கள். நானும் மூடிவிட்டேன்.

அதனால்தான் மதினிக்கு ‘ஆமா’ சொல்ல முடியவில்லை. பதினெட்டு வயதில் லேசர் செதுக்குவது கார்னியாவை. எட்டிலிருந்து பதினெட்டுவரை நீள்கிற கண்ணுக்கு அது ஒன்றும் செய்யாது. அந்தப் பத்து வருஷம் எப்படிப் போகிறது என்பதுதான் வைத்தியம் பார்க்க வேண்டிய இடம்.

நீளாமல் பார்த்துக்கொள்வது

பெரியவர்களுக்கு உள்ள வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை பற்றி எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதியிருக்கிறது. கண்ணாடி இன்னமும் எல்லாவற்றிலும் பத்திரமானது. காண்டாக்ட் லென்ஸ் நல்லதுதான், கை சுத்தமும் ராத்திரி கழற்றுகிற ஒழுக்கமும் இருப்பவர்களுக்கு. லேசிக்கில் கார்னியாவில் மடல் திறந்து சீவுவார்கள், பி.ஆர்.கே.யில் மடல் இல்லை, ஆனால் சில நாள் வலி. ஸ்மைலில் சின்னத் துளை வழியாக ஒரு மெல்லிய வில்லையை எடுப்பார்கள். கார்னியா மெலிந்திருந்தாலோ பவர் ரொம்பக் கூடுதலாக இருந்தாலோ ஐ.சி.எல். என்று கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைப்பது உண்டு. கார்னியா கூம்பிக்கொண்டு போகிற நோய் இருந்தால் லேசரே கூடாது, அதற்கான ஸ்கேனைத் தவிர்க்கிற இடத்தில் கால் வைக்க வேண்டாம். கண்ணாடியைத் தூக்கி எறியச் சொல்கிற கண் பயிற்சிகளைப் பற்றி ஒரே வரி: நீண்ட கண்ணைச் சுருக்குகிற பயிற்சி எதுவும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு முதலில் கண்மணி விரிக்கும் சொட்டு விட்டுத்தான் பவர் பார்த்தோம். பிள்ளைகள் கண்ணை இறுக்கி முயன்று படிப்பார்கள். அந்த முயற்சியைத் தளர்த்தாமல் பார்த்தால் மைனஸ் கூடுதலாகக் காட்டிவிடும். பிறகு கண் நீளத்தை அளக்கச் சொன்னேன். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் தாத்தா பாட்டிகளுக்கு அளக்கிற மிஷின்தான் அது. ஆனால் பிள்ளைக்கு அளக்க வேண்டும் என்று நாமே கேட்டால் ஒழிய பல இடங்களில் அளப்பதில்லை. கேளுங்கள். பவர் எண்ணைவிட அந்த நீளம்தான் பிள்ளையின் கண் எந்த வேகத்தில் போகிறது என்பதைக் காட்டும்.

நிறுத்த மருந்து இல்லை. வேகத்தைக் குறைக்க வழிகள் உண்டு. ஒன்று, நடுவில் சாதாரணப் பவரும் சுற்றிலும் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான பொடி லென்ஸ்களும் உள்ள கண்ணாடி. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த வகை, அங்கே நடந்த இரண்டு வருஷ ஆய்வில் பவர் ஏறுகிற வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. விலை சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு. இன்னொன்று, ராத்திரி ஒரு சொட்டு அட்ரோபின், மிகமிகக் குறைந்த அளவில். 0.01 சதவீதம் இந்தியப் பிள்ளைகளிடம் பலன் தந்தது, 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் பலன் தெரியவில்லை, ஹாங்காங்கில் 0.05 சதவீதம்தான் நன்றாக வேலை செய்தது. எனவே எந்த அளவு என்பதை டாக்டரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். ராத்திரி போட்டுத் தூங்குகிற கடின லென்ஸ் ஒன்றும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிருமித் தொற்றுப் பயத்தால் நான் வேண்டாம் என்றேன். நாங்கள் கண்ணாடியைத் தேர்ந்தோம். ‘ஒரு பவர் குறைவதில் என்ன ஆகிவிடும்’ என்று வீட்டில் கேட்டார்கள். ஒரே ஒரு பவர் குறைந்தால்கூட பிற்காலத்தில் நடு விழித்திரை நைந்துபோகிற வாய்ப்பு 40 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வெயில் விஷயம். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008-இல் வந்தது. சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் கூடுதலாகப் புத்தகம் படித்தவர்கள். வித்தியாசம் வெளியே இருந்த நேரம்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3 மணி. சீனாவின் குவாங்சோவில் பள்ளியில் தினமும் 40 நிமிஷம் வெளிவகுப்பு சேர்த்ததும், மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், சேர்க்காத பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள், வீட்டுக்குள் 300, 500 லக்ஸ். வெளியே பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண்ணின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்று கருதுகிறார்கள்.

நாம் வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர்கள். ஆனால் என் பிள்ளைப்பருவம் முழுக்க நான் கேட்ட வார்த்தை, “வெயில்ல ஆடாத, கருத்துப் போவ.” தம்பிக்குச் சொன்னதில்லை, எனக்குத்தான். தம்பி கண்ணாடி போடவில்லை. அதனால்தான் எனக்கு வந்தது என்று சொல்லமாட்டேன், ஒரு குடும்பத்தை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. ஆனால் நிறத்துக்காகப் பெண்பிள்ளைகளை உள்ளே வைத்ததும், விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வதும், எங்கள் அப்பார்ட்மெண்டில் இப்போது பந்து கார்மேல் படும் என்று விளையாட்டையே தடுத்திருப்பதும் எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கிவிட்டன. செல்போனை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஏற்கெனவே கண்ணாடி வந்த பிள்ளைக்கு வெயில் எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் சான்று வலுவாக இல்லை. வராத பிள்ளைக்குத் தள்ளிப்போடும் என்பதில் வலுவாக இருக்கிறது. என் மகனுக்கு நாலு வயது. இரண்டு பேரையும் காலை ஏழுக்கும் சாயங்காலம் நாலரைக்கும் எதிரே உள்ள கார்ப்பரேஷன் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். தொப்பி போட்டாலும் மரநிழலில் ஓடினாலும் போதும், உள்ளறையைவிட அங்கே வெளிச்சம் பல மடங்கு.

பிள்ளைகளின் உயரத்தைப் படுக்கையறைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்துவைப்பது எங்கள் வழக்கம். டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று மகள் தன் கோட்டுக்குப் பக்கத்தில் அவளாகவே இன்னும் இரண்டு எண்ணை எழுதினாள்: வலது 23.86, இடது 23.91. அதற்குக் கீழே ஜூன் மாத எண்களையும் என்னைக் கேட்டு எழுதிக்கொண்டாள். 23.79, 23.83. “உயரம் நிறைய ஏறணும், இது ஏறக்கூடாது, அப்படித்தானம்மா?” என்று கேட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கு மதினி வந்தபோது அந்தக் கதவு நிலையில் சாய்ந்துதான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன எழுதியிருக்கு என்று கேட்டதும் மகள் ஓடிவந்து, “இது என் உயரம் அத்தை, இது என் கண்ணு” என்று விரல் வைத்துக் காட்டினாள். கண்ணுக்கு உயரமா என்று மதினி என்னைப் பார்த்தார்கள். அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஜூன் மாதம் சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன்: என் 26.4, மின்னல், தோசை, வெயில். மதினி குறுக்கே பேசவே இல்லை. அவர்கள் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், மைனஸ் 5. வருஷா வருஷம் கண்ணாடிக் கடையில் நம்பர் மட்டும் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறான். கண்மணியை விரித்து உள்ளே பார்த்ததே இல்லை.

“நம்ம பயலுக்கு இது எத்தனை இருக்கும்?” என்று கேட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் வாங்கினேன். சொட்டு மருந்து விட்டால் கண் கூசும், பைக்கை எடுக்காமல் ஆட்டோவில் வா என்று அவனுக்கும் போன் செய்து சொன்னேன்.